மூணு வருசம் கேரண்டி, மூணு வருசம் வாரண்டி

கடலூரில் ஒரு பேட்டரி கடை. அங்கே வாங்கின 150 ஏ.எச். டியூபுலர் இன்வெர்ட்டர் பேட்டரி. இந்த ரெண்டுக்கும் சேர்த்துத்தான் இந்த விமர்சனம். கடை பெயரும் கம்பெனி பெயரும் போடவில்லை. காய்கறி வாங்கப் போனாலும் அந்தக் கடைக்காரர் முகத்தில்தான் முழிக்க வேண்டும், அதனால். பேட்டரிக்கு அஞ்சுக்கு மூணரை கொடுக்கிறேன். கடைக்கு ரெண்டு. அந்த ரெண்டிலும் ஒண்ணு, அங்கே வேலை செய்கிற பையனுக்காக.

எனக்கு மஞ்சக்குப்பத்தில் டெய்லர் கடை. ரெண்டு மோட்டார் மெஷின், ஒரு ஓவர்லாக், நாலு டியூப்லைட், ஒரு ஃபேன். பெரியார் கலைக் கல்லூரியில் பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர் முடித்துவிட்டு ஜாக்கெட் தைக்க வந்தவள் நான். படிச்ச இங்கிலீஷுக்கு இருபத்தஞ்சு வருசமாக வேலையே வரவில்லை. இந்த பேட்டரி விஷயத்தில்தான் வந்தது, அதுவும் தப்பாக வந்தது.

தானே புயல் அடித்தது 2011 டிசம்பர் 30 விடியற்காலை. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்ப வர 18 நாள் ஆச்சு. பொங்கல் துணியெல்லாம் கையில் ஊசி பிடித்து முடித்தோம். அதற்கப்புறம் இன்வெர்ட்டர் இல்லாமல் நான் கடை திறந்ததில்லை. நான் சொல்ல வந்த பேட்டரி, என்னுடைய மூணாவது. 2021 அக்டோபர் 14, ஆயுத பூஜை அன்றைக்கு வாங்கினேன். விலை 13,600. பழைய பேட்டரியைக் கொடுத்துத்தான் அந்த விலை.

கடைக்காரர் பில் எழுதும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். பில்லின் கீழே பேனாவால் ஒரு வரி எழுதினார்: “3 வருசம் கேரண்டி, 3 வருசம் வாரண்டி.” எழுதிவிட்டு நெஞ்சில் கை வைத்து, “கம்பெனி என்னக்கா கம்பெனி, நான் கேரண்டி” என்றார். எனக்கும் குளிர்ந்துபோச்சு. கற்பூரம் காட்டி, எலுமிச்சம் பழம் நசுக்கி, பேட்டரிக்குப் பொட்டு வைத்தேன்.

அந்த வரியை நான் எப்படிப் புரிந்துகொண்டேனோ அப்படித்தான் நம் ஊரில் எல்லாரும் புரிந்துகொள்கிறோம். கேரண்டி என்றால் புதுசு மாத்தித் தருவான். வாரண்டி என்றால் ரிப்பேர் பண்ணித் தருவான். மிக்ஸி வாங்கினாலும் மின்விசிறி வாங்கினாலும் இதுதான் கணக்கு. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும், ஆத்திசூடி ஒப்பிக்கிற மாதிரி. இது எந்த அகராதியில் இருக்கிறது என்று நான் ஒரு நாளும் தேடினதில்லை. பி.ஏ. இங்கிலீஷ் படித்த லட்சணம்.

மூணு வருசத்துக்குப் பக்கத்தில் வந்ததும் பேட்டரி சோர்ந்துபோச்சு. அஞ்சு மணி நேரம் நின்றது ரெண்டு மணி நேரமானது, அப்புறம் முக்கால் மணி. 2024 ஆகஸ்ட் 19 அன்றைக்கு ஆட்டோ வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். இந்த ரக பேட்டரி ஆசிட்டோடு அம்பது கிலோவுக்கு மேல் வரும். தூக்கி ஏத்த ரெண்டு ஆள் வேண்டும். பக்கத்து இஸ்திரிக் கடைத் தம்பியும் ஆட்டோக்காரரும் சேர்ந்து ஏத்தினார்கள். என் புடவை ஓரத்தில் அன்றைக்கு ஆசிட் பட்டு விழுந்த ஓட்டை இன்னும் இருக்கிறது. கொசுறு.

அங்கே ஒரு பையன், இருபது வயசு இருக்கும். பேட்டரி மேல் இருக்கிற ஆறு மூடியையும் ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தான். கையில் ஹைட்ரோமீட்டர். கண்ணாடிக் குழாய், ஒரு பக்கம் ரப்பர் பந்து, உள்ளே மிதக்கிற சின்ன மிதவை. பந்தை அமுக்கி விட்டால் ஆசிட் உறிஞ்சி மேலே வரும், மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் கணக்கு. ஆசிட் கெட்டியாக இருந்தால் மிதவை மேலே நிற்கும், சார்ஜ் இருக்கு என்று அர்த்தம். தண்ணியாட்டம் இருந்தால் முங்கும். முதல் செல், 1240. ரெண்டாவது, 1235. மூணாவது, 1240. நாலாவதில் மிதவை முங்கிப்போய் 1140-ல் நின்றது. பையன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மறுபடியும் உறிஞ்சிப் பார்த்தான், அதேதான். அஞ்சும் ஆறும் சரியாக இருந்தன.

“நாலாவது செல்லு போச்சுண்ணே” என்று உள்ளே பார்த்துச் சொன்னான்.

உள்ளேயிருந்து கடைக்காரர், “சார்ஜ் போட்டா ஏறிடும்டா. ரெண்டு நாள் போடு” என்றார்.

ஆறு செல்லும் சேர்ந்துதான் பன்னிரண்டு வோல்ட். ஒரு செல் படுத்தால் மத்த அஞ்சும் எவ்வளவு நல்லா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. கூட்டுக் குடும்பத்தில் ஒருத்தர் படுத்த கதை. இது அந்தப் பையனுக்குத் தெரிந்தது, கடைக்காரருக்கும் தெரியும், எனக்குத்தான் அப்போது தெரியவில்லை. ரெண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தார்கள்: தேதி, பேட்டரி சீரியல் நம்பர், “செக் ஓகே. வாரண்டி உள்ளது.” கீழே கடை சீல். அந்தச் சீட்டை நான் அளவு நோட்டுக்குள் சொருகி வைத்தது எந்தச் சாமி புண்ணியமோ.

தீபாவளிக்கு எப்படியோ சமாளித்தேன். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை ஏறியது. பாண்டியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நமக்கு மழை ஒரு பக்கம் என்றால் சாத்தனூர் அணை திறந்துவிட்டுத் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் இன்னொரு பக்கம். கரண்ட் போன கால் மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தி அடங்கிப்போச்சு. ஒரு கல்யாண ஆர்டர், பதினோரு ஜாக்கெட், மூணு நாள் இருட்டில். சொன்னால் அழுகை வரும், விடுங்கள்.

டிசம்பர் 5 அன்றைக்கு மறுபடியும் ஆட்டோ, மறுபடியும் ரெண்டு ஆள். கடைக்காரர் பில்லைத் திருப்பிப் பார்த்தார். விரலை மடக்கினார்.

“மூணு வருசம் அக்டோபரோட முடிஞ்சுதுக்கா. கேரண்டி போச்சு. இப்ப வாரண்டிதான்.”

“சரி தம்பி, வாரண்டின்னா ரிப்பேர் பண்ணிக் குடு.”

“பேட்டரிய எங்கக்கா ரிப்பேர் பண்றது? வாரண்டின்னா ப்ரோ-ராட்டா. புதுசு வாங்கிக்கணும், கம்பெனி டிஸ்கவுண்ட் குடுப்பான்.”

எங்கள் தெருவே ஒப்பித்துவந்த பாடம் அந்த இடத்தில் புட்டுக்கொண்டது. வாரண்டி என்றால் ரிப்பேர் என்று நம்பி வந்தேன். இங்கே ரிப்பேரே கிடையாது.

ப்ரோ-ராட்டா கணக்கைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன், பேட்டரி வாங்குகிறவர்களுக்கு இதுதான் உபயோகம். மாசம் கூடக்கூடத் தள்ளுபடி குறையும். என்னுடையது 38-வது மாசம், அதற்கு 35 சதவீதம். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 35 எதிலிருந்து? எம்.ஆர்.பி.-யிலிருந்து. புது பேட்டரியின் எம்.ஆர்.பி. 21,500. தள்ளுபடி 7,525 போக நான் கட்ட வேண்டியது 13,975. பழைய பேட்டரியை அவர்களே வைத்துக்கொள்வார்கள், அதற்குக் காசு கிடையாது. திருப்பாப்புலியூரில் வேறொரு கடையில் போன் போட்டுக் கேட்டேன். பழைய வாரண்டி எதையும் காட்டாமல் புதுசாக வாங்கினால், அதே கம்பெனி, அதே மாடல், 15,400. பழசுக்கு 3,200 கழித்துக்கொண்டு 12,200. அதாவது, வாரண்டி இருக்கிறவள் வாரண்டி இல்லாதவளைவிட 1,775 ரூபாய் அதிகம் கட்ட வேண்டும்! எம்.ஆர்.பி.க்கு பேட்டரி வாங்கினவனை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை.

வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினபோது என் அத்தை, அதாவது வீட்டுக்காரர் அம்மா, “வாரண்டா? போலீஸ் வருமா?” என்றார்கள். சிரிக்காதீர்கள். வேர் ஒன்றுதான்.

என் தங்கை மகள் காலாப்பட்டு அரசு சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். புயல் லீவில் வந்திருந்தாள். “கார்ட எடு பெரியம்மா” என்றாள். நாம் எல்லாரும் அதைக் கேரண்டி கார்டு என்றுதான் சொல்கிறோம். எடுத்துப் பார்த்தால் அட்டையின் முன்னும் பின்னும் ஒரு இடத்தில்கூடக் கேரண்டி என்ற வார்த்தையே இல்லை. தலைப்பு வாரண்டி கார்டு. உள்ளே, வாரண்டி 72 மாதம். முதல் 36 மாதம் இலவசமாக மாற்றித் தருவது, அடுத்த 36 மாதம் ப்ரோ-ராட்டா. மாத்தித் தருவதும் வாரண்டிதான், தள்ளுபடி தருவதும் வாரண்டிதான். கேரண்டி என்பது கடைக்காரர் வாயிலும் பேனாவிலும் மட்டும் இருந்திருக்கிறது.

“அப்ப ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லையா?” என்று கேட்டேன்.

“இருக்கு. நீ நினைக்கிறது இல்ல” என்றாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். சரக்கு விற்பனைச் சட்டம் 1930-ல், 12-வது பிரிவில் வாரண்டி வருகிறது. அங்கே அதற்கு ஜோடி கேரண்டி இல்லை, கண்டிஷன். விற்கிறவன் சொன்னதில் முக்கியமான உயிர் விஷயம் பொய்த்தால் அது கண்டிஷன், சரக்கையே வேண்டாம் என்று திருப்பலாம். பக்கத்து விஷயம் பொய்த்தால் அது வாரண்டி, நஷ்ட ஈடு கேட்கலாம், சரக்கைத் திருப்ப முடியாது. கேரண்டி அந்தச் சட்டத்து ஆளே இல்லை. அது 1872-ம் வருச ஒப்பந்தச் சட்டத்தில், 126-வது பிரிவில் இருக்கிறது. அங்கே கேரண்டி என்றால் ஜாமீன். கடன் கொடுத்தவன், கடன் வாங்கினவன், நடுவில் “அவன் கட்டலைன்னா நான் கட்டறேன்” என்று நிற்கிற மூணாவது ஆள். மூணு பேர் இருந்தால்தான் அது கேரண்டி. வாரண்டிக்கு ரெண்டு பேர் போதும், விற்கிறவனும் வாங்குகிறவனும்.

“மாத்தித் தர்றது, ரிப்பேர் பண்றது, இது எந்தச் சட்டத்துல?” என்றேன். நாம் பிரிக்கிற மாதிரி எந்தச் சட்டமும் பிரிக்கவில்லையாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகத்தைச் சொல்லும் இடத்தில் “வாரண்டி அல்லது கேரண்டி” என்று ரெண்டையும் ஒரே மூச்சில் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். பெயர் எதுவானாலும், கொடுத்த வாக்கு என்ன என்பதுதான் பேச்சு.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. படித்த இங்கிலீஷ் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தது. இந்த ரெண்டு வார்த்தையையும் இங்கிலீஷ்காரன் எங்கெங்கே போடுகிறான் என்று யோசித்துப் பார்த்தேன். கேரண்டியை வினைச்சொல்லாக அப்படியே போடலாம், “ஐ கேரண்டி” என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லலாம். வாரண்டியை அப்படிப் போடுவது அபூர்வம். “ஐ வாரண்டி” என்று இங்கிலீஷ்காரன் சாதாரணமாகச் சொல்ல மாட்டான், அதற்கு வாரண்ட் என்று வால் வெட்டின வார்த்தை தனியாக இருக்கிறது, அது போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகும். பிடிக்கவில்லை என்றால் காசு வாபஸ் என்கிற விளம்பரம் மணி-பேக் கேரண்டி. மணி-பேக் வாரண்டி என்று சொன்னால் காதில் இடிக்கும். செல்போன் கடையில் ஆயிரம் ரூபாய் தனியாகக் கட்டு, இன்னும் ஒரு வருசம் நீட்டித் தருகிறேன் என்பது எக்ஸ்டெண்டட் வாரண்டி. இங்கிலாந்தில் பொதுவாகக் காசில்லாமல் பொருளோடு வருவது கேரண்டி, காசு கட்டி வாங்குவது வாரண்டி. அமெரிக்காவில் பொருளோடு வருவதற்கும் வாரண்டிதான் பேச்சு. மாத்துவது, பழுது பார்ப்பது என்கிற பிரிவினை ரெண்டு ஊரிலும் இல்லை. அது நம் கடைத்தெருவில் முளைத்தது.

ஆனால் நம் வாய் ஒரு விஷயத்தில் இங்கிலீஷ்காரனைவிடத் துல்லியம். “கேரண்டியா வருவான்” என்கிறோம். “வாரண்டியா வருவான்” என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மகளிர் குழு லோனுக்குக் கேரண்டி கையெழுத்து போடுகிறோம், வாரண்டி கையெழுத்து போடுவதில்லை. “பொண்ணு குணத்துக்கு நான் கேரண்டி” என்று தரகர் சொல்வார். “நான் வாரண்டி” என்று சொன்னால் அந்தச் சம்பந்தம் அங்கேயே முறிந்துவிடும். கேரண்டிக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஆள் நிற்கிறான். வாரண்டிக்குப் பின்னால் ஒரு அட்டை. நூறு நாள் வேலைக்கு 2005-ல் போட்ட சட்டத்தின் இங்கிலீஷ் பெயரிலும் கேரண்டிதான் இருந்தது. தமிழில் அதை “வேலை உறுதி” என்று எழுதினார்கள். அரசாங்கமே முன்னால் வந்து நிற்கிற மாதிரி. வேலை வாரண்டித் திட்டம் என்று வைத்திருந்தால் ஒருத்தியும் மண்வெட்டியைத் தொட்டிருக்க மாட்டாள்.

என் கடையிலும் இதைத்தான் நடத்திவருகிறேன் என்று அப்போது உறைத்தது. தையல் பிரிந்தால் காசில்லாமல் மறுபடி தைத்துக் கொடுப்பேன். உடம்பு பெருத்துவிட்டது, பிரித்து விடு என்றால் பாதிக் காசு. முன்னதற்கு நான் பொறுப்பு. பின்னதற்குப் பிரியாணி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாண்டி முத்தியால்பேட்டையில் இருக்கிற மாமா வீட்டுக்குப் போனேன். மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர், அங்கே சொல்தா என்பார்கள். பென்ஷன் இன்னும் பிரான்ஸிலிருந்து வருகிறது. கதையெல்லாம் கேட்டுவிட்டு, “எங்களுக்கு இந்தக் குழப்பமே இல்லம்மா, ரெண்டுக்கும் ஒரே வார்த்தை, கராந்தி” என்றார். பிரான்ஸில் கடையில் வாங்குகிற சாமானுக்கு ரெண்டு வருசம் சட்டப்படியே கராந்தி உண்டாம், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும்.

அப்புறம் மாமா சொன்னதுதான் எனக்கு இந்தப் பேட்டரியால் கிடைத்த லாபம். ரெண்டும் அக்கா தங்கை வார்த்தைகளாம். பழைய ஜெர்மானிய வார்த்தை ஒன்று, டபிள்யூவில் தொடங்குவது, பிரான்ஸுக்குள் போனது. வடக்கே நார்மண்டிப் பக்கம் அந்த டபிள்யூவை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பாரிஸ் பக்கம் அதை ஜி-யாக மாத்திவிட்டார்கள். 1066-ல் நார்மண்டிக்காரன் இங்கிலாந்தைப் பிடித்தபோது டபிள்யூ வார்த்தைகள் கப்பலேறின. பல நூறு வருசம் கழித்துப் பாரிஸ் பாஷையிலிருந்து ஜி வார்த்தையும் போய்ச் சேர்ந்தது. வந்ததை விடாமல் ரெண்டையும் வைத்துக்கொண்டான் இங்கிலீஷ்காரன். ஹாஸ்டல் வார்டன், ரேங்க் கார்டில் கையெழுத்து போடுகிற கார்டியன், ரெண்டும் இப்படிப் பிரிந்த ஜோடிதானாம். வில்லியம் பிரான்ஸுக்குப் போனால் கியோம். இங்கிலீஷ்காரன் வார் என்றால் இவர்கள் கேர் என்பார்கள்.

“கடலூர்ல டபிள்யூ, பாண்டில ஜி-ன்னு வெச்சுக்கோ” என்று சிரித்தார் மாமா. தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டை இங்கிலீஷ்காரனுடையது, 1758-ல் பிரெஞ்சுக்காரன் வந்து பிடித்தான். முக்கால் மணி நேர பஸ் தூரத்துக்குள் இத்தனை சண்டை. நாம் நடுவில் உட்கார்ந்து கேரண்டி வாரண்டி ரெண்டையும் வாங்கிக் கட்டிக்கொள்கிறோம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் 126-வது பிரிவு மறுபடி ஞாபகம் வந்தது. கேரண்டிக்கு மூணு பேர். கம்பெனி ஒன்று, நான் ஒருத்தி, நடுவில் நெஞ்சில் கை வைத்து “நான் கேரண்டி” என்று சொன்ன கடைக்காரர். அவர் அன்றைக்குத் தெரியாமல் சரியான வார்த்தையைத்தான் போட்டிருக்கிறார்! கம்பெனி கை விரித்தால் அவர் நிற்பதாகச் சொன்னாரே. தங்கை மகளுக்குப் போன் போட்டேன். அந்தப் பிரிவிலேயே கேரண்டி வாய்மொழியாகவும் இருக்கலாம் என்று இருக்கிறதாம். ஆனால், “கோர்ட்ல இது நிக்காது பெரியம்மா, அவர் பேச்சுக்குச் சொன்னாருன்னு முடிச்சுடுவாங்க. நீ அந்த ஆகஸ்ட் சீட்டப் பிடிச்சுக்கோ” என்றாள். வக்கீல் ஆகிவிடுவாள் போல.

ஆகஸ்ட் 19-ம் தேதி எண்ணினால் 36 மாசத்துக்கு உள்ளே. அன்றைக்கே நாலாவது செல் செத்திருந்தது. சீட்டில் சீரியல் நம்பரும் சீலும் இருக்கின்றன. கம்பெனி சர்வீஸ் நம்பருக்குக் கூப்பிட்டேன். ஆகஸ்டில் என் பேட்டரி மேல் ஒரு புகாரும் பதிவாகவில்லை என்றார்கள். கடைக்காரர் கம்பெனிக்குச் சொல்லவே இல்லை. செக் ஓகே என்று அவரே எழுதி அவரே முடித்திருக்கிறார். இதற்குத்தான் முக்கியமாக ரெண்டு நட்சத்திரம்.

1915-க்குப் போன் போட்டேன், தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசினார்கள். புகார் எண் கொடுத்தார்கள். அதில் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அஞ்சு லட்சம் வரைக்குமான சாமானுக்குக் கட்டணம் கிடையாது, ரெண்டு வருசத்துக்குள் போக வேண்டும் என்று தங்கை மகள் முன்னாடியே சொல்லி வைத்திருந்தாள். அவ்வளவு தூரம் போகவில்லை. பதினோராவது நாள் கம்பெனியிலிருந்து ஒருத்தர் பைக்கில் வந்தார். மழைக்கோட்டுகூடக் கழட்டவில்லை, நேராகப் பேட்டரிக்குப் போனார். ஆறு மூடி, அதே ரப்பர் பந்து. நாலாவது செல்லில் மிதவை அடியில் போய் உட்கார்ந்துகொண்டது, எழவே இல்லை. சீட்டைப் போட்டோ எடுத்தார். “ஆகஸ்ட்லயே ஃபெயில்னு தெரியுதும்மா, மாத்திடலாம்” என்றார். ஒரு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். இவருக்கு அஞ்சுக்கு அஞ்சு.

டிசம்பர் 28 அன்றைக்குப் புது பேட்டரி வந்தது, ஒரு பைசா கட்டவில்லை. ஆனால் கார்டைப் பார்த்தேன். வாங்கின தேதி என்ற இடத்தில் 14-10-2021. மாத்திக் கொடுக்கிற பேட்டரிக்குப் புது வாரண்டி கிடையாதாம், பழசின் மிச்சம்தான். அதனால் என் புத்தம் புது பேட்டரிக்கு இலவச மாற்று ஏற்கனவே முடிந்துவிட்டது. ப்ரோ-ராட்டாதான், அதுவும் 2027 அக்டோபர் வரைக்கும். குழந்தை பிறக்கும்போதே ஸ்கூல் முடித்துவிட்டு வந்த மாதிரி.

இப்போது ஏழு மாசமாக ஓடுகிறது. ரெண்டு மெஷின், நாலு லைட், ஃபேன், நாலரை மணி நேரம் தாராளமாக நிற்கிறது. அயர்ன் பாக்ஸை மட்டும் இதில் போடாதீர்கள், ஒரே இழுப்பில் இன்வெர்ட்டர் டிரிப் ஆகிவிடும். தண்ணீர் மட்டம் காட்டுகிற மிதவைக் குச்சி பச்சையிலிருந்து சிவப்புக்கு இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் ஊத்த வேண்டும், எனக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை. ஆர்.ஓ. தண்ணியை ஊத்தாதீர்கள். பேட்டரியில் குறை என்று பார்த்தால் அந்த ஒரு செல்தான். மூணரை என்பது நியாயமான மார்க்கு.

கடைக்கு மறுபடி போவீர்களா என்று கேட்பீர்கள். போகிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் வேறு கடை இல்லை, டிஸ்டில்டு வாட்டர் அங்கேதான் மலிவு. போன வாரம் போனபோது கடைக்காரர் யாரோ ஒரு புது மாப்பிள்ளைக்கு பேட்டரி பில் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேனா ஒரு நிமிஷம் நின்றது. நான் வேறு பக்கம் பார்த்தேன். பையன்தான் அஞ்சு லிட்டர் கேனை எடுத்து வந்தான்.

“பில் வேணுமாக்கா?”

“எழுதிக் குடு.”

“தண்ணிக்கா?”

“தண்ணிக்குத்தான். தேதி போட்டு, சீல் வெச்சுக் குடு.”